காத்துத் துவக்குக்கு பெரிய ஸ்பிரிங் போட்டால் அடி கூடுமோ?

கச்சான்காவல் எழுதினது:

வணக்கம் அண்ணையாக்கள். நான் ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்க இருக்கிறன். ஒண்டரை ஏக்கர் கச்சான் போட்டிருக்கிறம். இரவில பண்டி, பகலில குரங்கு. பண்டிக்கு வேலியும் வெளிச்சமும் இருக்கு. குரங்கைக் கலைக்க அப்பான்ர பழைய காத்துத் துவக்குத்தான். பத்திரம் அப்பான்ர பேரில ஒழுங்கா இருக்கு, இந்த வருசமும் புதுப்பிச்சாச்சு. அதைப் பற்றி ஆரும் பயப்பட வேண்டாம்.

துவக்கு குழலை மடிச்சு இழுக்கிற வகை. நாலரை மில்லிமீற்றர். மேல இருந்த பேர் தேஞ்சு போச்சு. ஜேர்மன் சாமான் எண்டு அப்பா சொல்லுறார், சீனா எண்டு சித்தப்பா சொல்லுறார், அந்தச் சண்டை பத்து வருசமா நடக்குது.

பிரச்சினை இதுதான். முந்தி பால்மா ரின்னை இந்தப் பக்கத்தால அடிச்சால் அந்தப் பக்கத்தால வரும். இப்ப நெளியுது, அவ்வளவுதான். அடிச்ச உடன உள்ளுக்க ‘ங்ஙொய்ங்’ எண்டு ஒரு சத்தம் வேற, கன்னத்தெலும்பு வரைக்கும் நடுங்கும். ஒரே இடத்தைப் பாத்து அஞ்சு அடிச்சால் ஒண்டு தேசிக்காயில படும், மற்றது பூசணிக்காயில படும்.

லொறிக் கராஜ் ஒண்டில தடிச்ச ஸ்பிரிங் ஒண்டு கிடக்கு, அளவு கிட்டத்தட்ட சரி. அதைப் போடலாமோ? இல்லாட்டி இருக்கிற ஸ்பிரிங்குக்குப் பின்னால ரெண்டு மூண்டு வாசர் போட்டு இறுக்கலாமோ?

சிநேகிதன் ஒருத்தன் ரூ-ரீ ஒயில், அதுதான் மோட்டச்சைக்கிள் பெற்றோலோட கலக்கிற ஒயில், ரெண்டு துளி காத்து ஓட்டைக்குள்ள விடச் சொன்னவன். ஒருக்கா விட்டுப் பாத்தன். உண்மையான துவக்கு மாதிரி வெடிச்சுது, நீலப் புகையும் வந்திது. குசினியில அரிசி புடைச்சுக்கொண்டிருந்த அம்மா சுளகைப் போட்டிட்டு நிலத்தில குப்புறப் படுத்திட்டா. நான் ஓடிப்போய் எழுப்பினன். அரிசி முழுக்க நிலத்தில. அதுக்குப் பிறகு ஒயில் விடேல்லை. ஆனால் அந்த ஒரு அடி ரின்னை ஓட்டை போட்டது எண்டதையும் மறைக்கக் கூடாது.

---

விசுவமடு பம்ப்காரன் எழுதினது:

தம்பி, ஒயில் கதையில இருந்தே தொடங்கிறன்.

உங்கட வீட்டில லான்ட்மாஸ்ரர், அந்த ரெண்டு சில்லு உழவு மெசின், இருக்குமெண்டு நினைக்கிறன். அதின்ர எஞ்சினுக்குப் பிளக் இல்லை. பிறகு எப்பிடிப் பத்துது? காத்தை இறுக்கி நெரிச்சால் சூடாகும், அந்தச் சூட்டில டீசல் பத்தும். உன்ர துவக்கிலயும் அதே வேலைதான் நடந்தது. பிஸ்டன் காத்தை நெரிக்கேக்க உள்ளுக்க கிடந்த ஒயில் பத்தி வெடிச்சிருக்கு. லான்ட்மாஸ்ரருக்கு வார்ப்பிரும்பில தலை இருக்கு, உன்ர துவக்குக்கு என்ன இருக்கு? வெடி பிஸ்டனைப் பின்னுக்கு உதைக்கும், ஸ்பிரிங் நெளியும், சீல் கருகும். நீ தொடர்ந்து நாலு மாசம் ரூ-ரீ விட்டிருந்தால் ஸ்பிரிங் ரெண்டு துண்டாய் வந்திருக்கும். தேங்காயெண்ணெய், தையல் மெசின் ஒயில், மண்ணெண்ணெய், ஒண்டும் காத்து ஓட்டைக்குள்ள போகக் கூடாது. அம்மாவிட்டை மன்னிப்புக் கேட்டனியோ?

இனி ஸ்பிரிங். நான் முப்பது வருசமாய்த் தண்ணிப் பம்ப் திருத்திறன். பம்ப் தண்ணி இறைக்கேல்லை எண்டு வாற பத்துப் பேரில எட்டுப் பேர் பெரிய மோட்டர் போடுவமோ எண்டுதான் கேப்பினம். திறந்து பாத்தால் வாசர் போயிருக்கும், இல்லாட்டிக் குழாய் காத்து இழுக்கும். உன்ர கதையும் அதுதான். அடி குறைஞ்சால் முதல் பாக்க வேண்டியது ஒழுக்கு. பலத்தைப் பிறகு யோசி.

எப்பிடிப் பாக்கிறது? குழல் மடியிற மூட்டில, குழலின்ர பின்வாயைச் சுத்தி ஒரு சீல் இருக்கும். பழசெண்டால் தோல், புதுசெண்டால் றப்பர் வளையம். குழலை மூடிப்போட்டு, அந்த மூட்டுக்கு மேல மெல்லிய ரிசுக் கடதாசி ஒரு கீலம் கிழிச்சு வை. சன்னம் போட்டு மண்மூட்டைக்குள்ள அடி. ரிசு துள்ளினால் காத்து அதால போகுது. என்ர துவக்கில ரிசு பறந்து போய்க் கோழிக்கூட்டில ஒட்டினது. சைக்கிள் கடையில வாங்கின பம்ப் தோலில வட்டமா வெட்டிப் போட்டன், அண்டைக்கே பாதிச் சீவன் திரும்பி வந்திட்டுது. வெட்டின தோலைச் சிலிக்கன் ஒயிலில ஒரு இரவு ஊறவிட்டுத் துடைச்சுப் போடவேணும். காஞ்ச தோல் சுருங்கும், சுருங்கினால் திரும்பவும் ஒழுகும். சீல் மூட்டை விட ஒரு மயிரளவு வெளியால நிக்கவேணும், குழலை மூடேக்க அது நெரிபடுறது கைக்குத் தெரியவேணும்.

அடுத்தது ஆணியள். முன்கட்டையில ரெண்டு, விசைக்காப்பில ஒண்டு அல்லது ரெண்டு. ஸ்பிரிங் துவக்கு அடிக்கேக்க முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு தரம் உதறும், அதில ஆணி தானாய்க் கழரும். உன்ர பூசணிக்காய்க்கு அரைவாசிக் காரணம் அதாய் இருக்கலாம். இறுக்கிப்போட்டு ஆணித்தலையில தங்கச்சியின்ர கியூடெக்ஸ் ஒரு சொட்டு வை. கழராது, கழட்ட வேணுமெண்டால் கழட்டலாம்.

இந்த ரெண்டையும் செய்துபோட்டு நாலு நாள் அடிச்சுப் பார். இதோட சரிவந்தால் உள்ளுக்கத் திறக்காத. நான் சும்மா சொல்லேல்லை. ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கிற நிலையிலயும் உள்ளுக்க அஞ்சாறு சென்ரிமீற்றர் நெரிஞ்சுதான் இருக்கும். பின்மூடியில இருக்கிற ஊசியைத் தட்டினால் எல்லாம் ஒரே பாய்ச்சல். நான் முதல் முறை வயித்தால அமத்திக்கொண்டு தட்டினனான், கெட்டித்தனம் எண்ட நினைப்பு. மூடி பாய்ஞ்சு இடக்கைப் பெருவிரலில பட்டு, சுவரில பட்டு, கலண்டர் ஆணியையும் கழட்டிக்கொண்டு போனது. அந்த நகம் இண்டைக்கும் கோணலாய்த்தான் முளைக்குது. தச்சுவேலைக்காரரிட்டை நீளக் கிளாம்ப் இருக்கும், அதில துவக்கை நீளவாக்கில பிடிச்சு, மூடியை நெரிச்சு வைச்சுக்கொண்டு ஊசியை எடுத்து, பிறகு கிளாம்பை மெல்ல மெல்லத் தளர்த்து. கிளாம்ப் இல்லாட்டித் திறக்காத. கதை முடிஞ்சுது.

வாசர் போட்டு இறுக்கிற யோசினையை விடு. பிஸ்டன் ஓடுற சிலிண்டருக்குள்ள இருக்கிற காத்து எவ்வளவோ, அவ்வளவுதான் வெளியால வரும். அந்தக் காத்து போற ஓட்டை மூண்டு மில்லிமீற்றர் சொச்சம். லொறி ஸ்பிரிங் போட்டாலும் காத்தும் கூடாது, ஓட்டையும் பெருக்காது. கூடுறது உதறலும் இழுக்கிற பாரமும். ஸ்பிரிங் கம்பி கம்பியோட முட்டினால் துவக்குக் கொழுவவே மாட்டாது, பலவந்தமா இழுத்தால் குழல் வளையும்.

---

றாஸ்ரற் பக்கத்தான் எழுதினது:

நான் முள்ளியவளை, இப்ப ஜேர்மனி. தம்பி, உங்கட அப்பா, சித்தப்பா சண்டையைத் தீர்க்க ஒரு வழி. டயானா எண்ட கம்பனி 1890 இல இஞ்ச றாஸ்ரற்றில தொடங்கினது. அவையின்ர முத்திரையில ஒரு பெண் நிப்பா. வில்லையும் அம்பையும் எறிஞ்சிட்டுத் துவக்கைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருப்பா. தேஞ்ச இடத்தில சோக்குத்தூள் தேய்ச்சுத் துடைச்சுப்போட்டு, ரோச்சைச் சரிச்சு அடிச்சுப் பாருங்கோ. உரு தெரியும்.

அடி கூட்டிற ஆசையைப் பற்றியும் ஒரு சொல். இஞ்ச 18 வயசுக்கு மேற்பட்ட ஆள் பத்திரம் இல்லாமல் வாங்கிற காத்துத் துவக்குக்கு எல்லை 7.5 யூல், சன்னத்தின்ர சக்தியை அளக்கிற அளவு அது. ஐங்கோணத்துக்குள்ள எஃப் எழுத்து அடிச்சிருக்கும். இங்கிலாந்தில ரைபிளுக்கு 12 அடி-இறாத்தல், அது 16 யூல் சொச்சம். கனடாவில செக்கனுக்கு 500 அடியும் 5.7 யூலும் ரெண்டும் தாண்டினால்தான் பத்திரம். நான் போற கழகத்தில பத்து மீற்றர் அடிக்கிறம். 1984 இல இருந்து ஒலிம்பிக்கில இருக்கிற அதே போட்டி. நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். அதுக்குச் செய்த துவக்கு செக்கனுக்கு 170 மீற்றர் சொச்சத்திலதான் அடிக்குது. உங்கட துவக்கு நல்லாய் இருந்த காலத்தில இதை விட வேகமாய் அடிச்சிருக்கும். ஆனால் இது ஒவ்வொரு முறையும் அதே 170. எல்லாக் காசும் அந்த ‘அதே’க்குத்தான்.

---

கச்சான்காவல் எழுதினது:

பம்ப்காரன் அண்ணை, ரிசு துள்ளினது. துள்ளினது எண்டு சொல்லக் கூடாது, ரெண்டாய்க் கிழிஞ்சுது. தோல் வாங்க நாளைக்குப் புதுக்குடியிருப்புப் போறன். மன்னிப்புக் கேட்டாச்சு.

சோக்குத்தூள் போட்டுப் பாத்தம். பெண்ணும் இல்லை, வில்லும் இல்லை. சீன எழுத்து ரெண்டு. அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை, ஜேர்மன்காரன் சீனாவில செய்விச்சதாம்.

ஆனால் அண்ணை, தோல் மாத்தி அடி கூடினதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்? ரின் நெளியிறதை வைச்சுச் சொல்ல ஏலாதே. வேகம் பாக்கிற மெசின் விலை கேட்டன், அந்தக் காசுக்கு விதைக் கச்சான் வாங்கலாம்.

---

கிளி ரியூசன் மாஸ்ரர் எழுதினது:

மெசின் வேண்டாம். உயர்தரத்தில உந்தக் காப்பு விதி படிச்ச எல்லாருக்கும் இந்தக் கணக்குத் தெரியும், ஒருத்தரும் செய்து பாக்கிறேல்லை. 1740களில பெஞ்சமின் ரொபின்ஸ் எண்ட ஆங்கிலேயர் குண்டின்ர வேகத்தை அளந்தது ஊசலை வைச்சுத்தான்.

பால்மா ரின்னுக்குள்ள குளத்துக் களிமண்ணை நல்லாய் அடைஞ்சு, ரின்னும் மண்ணும் சேர்த்து 600 கிராம் வர நிறுங்கோ. ரின்னைப் படுக்கவைச்சு, ரெண்டு முனையிலயும் நூல் கட்டி, மாங்கொப்பில தூக்குங்கோ. கொப்பில இருந்து ரின்னின்ர நடு வரைக்கும் 150 சென்ரிமீற்றர். பின்னுக்கு ஒரு அடிமட்டம். ரின்னில ஒரு ஈர்க்குக் கட்டிவிட்டால், அது அடிமட்டத்தில இருக்கிற மெல்லிய கடதாசியைத் தள்ளிக்கொண்டு போய் நிக்கும், எவ்வளவு தூரம் எண்டு ஆறுதலா வாசிக்கலாம். வாய்ப்பக்கத்தால அடியுங்கோ, ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டு. சன்னம் மண்ணுக்குள்ள புதைஞ்சு நிக்கவேணும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கோ, பின்னுக்கு மண்மூட்டை.

சன்னம் 0.54 கிராம் எண்டால், ரின் பின்னுக்குப் போற ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் சன்னத்தின்ர வேகம் செக்கனுக்கு 28 மீற்றர் சொச்சம். அஞ்சு போனால் 142. ஏழு போனால் 199. சக்தி வேணுமெண்டால் நிறையைக் கிலோகிராமில போட்டு, வேகத்தை வேகத்தால பெருக்கி, பாதி எடுங்கோ. 199க்கு 10.7 யூல் வரும்.

காத்தில்லாத விடியக்காலமாய்ச் செய்யுங்கோ. சோளகம் அடிக்கேக்க ரின் தானாய் ஆடும். பத்துத் தரம் அடிச்சுச் சராசரி எடுக்கிறதோட, பெரிசுக்கும் சின்னனுக்கும் இடையில எவ்வளவு வித்தியாசம் எண்டதையும் எழுதுங்கோ. சராசரியை விட அதுதான் கதை சொல்லும்.

---

விசுவமடு பம்ப்காரன் எழுதினது:

மாஸ்ரர், முப்பது வருசத்துக்கு முதல் நீங்கள் எனக்குப் படிப்பிச்சிருந்தால் நான் பம்ப் திருத்த வந்திருக்க மாட்டன்.

தம்பி, சன்னத்தையும் பார். நகைக்கடைப் பத்தரின்ர தராசில ஒரு ரின் சன்னத்தை ஒண்டொண்டாய் நிறுத்துப் பாத்தன். அவர் சிரிச்சவர், பரவாயில்லை. மலிவு ரின்னில 0.50க்கும் 0.58க்கும் இடையில என்னவெல்லாமோ கிடந்தது. பாவாடை மாதிரி விரிஞ்ச பின்பக்கம் நெளிஞ்சது தனியாய் ஒரு குவியல். நெளிஞ்சதை எறிஞ்சிட்டு, நிறை ஒத்ததை மட்டும் அடிச்சன். துவக்கைத் தொடாமலே பூசணிக்காய் தோடம்பழமாய்ச் சுருங்கினது.

குழலுக்குள்ள கம்பி விடாத. தங்கூசி நூலில பருத்தித் துணித் துண்டைக் கட்டி, பின்வாயால விட்டு முன்வாயால இழு. துணி கறுப்பா வாறது நிக்கும் வரைக்கும். முன்வாய் விளிம்பில எங்கையாவது அடிபட்டிருந்தால், உருண்டைத் தலைப் பித்தளை ஆணி ஒண்டில வால்வ் அரைக்கிற பசையைப் பூசி, விரலால உருட்டி உருட்டித் தேய். ட்றில் வேண்டாம், விரல் காணும். தேய்க்க முதல் குழலுக்குள்ள பஞ்சு அடை, பசை உள்ளுக்கப் போகக் கூடாது.

துவக்கை இறுக்கிப் பிடிக்கிறனியோ? ஸ்பிரிங் துவக்கில சன்னம் குழலை விட்டு வெளிக்கிட முதலே பிஸ்டன் உதறத் தொடங்கிடும். இறுக்கிப் பிடிச்சால் ஒவ்வொரு முறையும் உன்ர பிடி வேற, உதறலும் வேற. இடது உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரிச்சு அதில சும்மா கிடக்க விடு. குழந்தைப்பிள்ளையின்ர தலை கிடக்கிற மாதிரி. விசையை அரத்தால தேய்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்ஞ்ச விசை, குழல் மடிஞ்சிருக்கேக்க தானாய் விட்டால் விரல் போகும்.

---

கச்சான்காவல் எழுதினது:

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன். கச்சான் பிடுங்கினபடியால் நேரம் கிடைக்கேல்லை.

மாஸ்ரர் சொன்ன மாதிரி ரின் கட்டினன். தோல் மாத்த முதல் பத்து அடியில சராசரி 5.5 சென்ரிமீற்றர். ஆகக் குறைஞ்சது 4.6, ஆகக் கூடினது 6.3. தோல் மாத்தின பிறகு சராசரி 6.6, ஆனால் அந்த ‘ங்ஙொய்ங்’ போகேல்லை. பொறுக்க ஏலாமல் மரவேலைத் தாத்தாவின்ர கிளாம்பைக் கொண்டுவந்து திறந்தன். அண்ணை பேசாதேங்கோ, கிளாம்பிலதான் திறந்தனான்.

ஸ்பிரிங்கைக் கண்ணாடியில உருட்டிப் பாத்தன், வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு தத்தித் தத்தி ஓடினது. ரூ-ரீ செய்த வேலை போல. உள்ளுக்க இருக்கிற ஸ்பிரிங் வழிகாட்டித் தடி மெல்லிசு, ஸ்பிரிங் அதில லொட லொட எண்டு ஆடுது.

---

விசுவமடு பம்ப்காரன் எழுதினது:

சத்தம் அதாலதான். வளைஞ்ச ஸ்பிரிங்கை நிமிர்த்தாத, அதே அளவில புதுசு வாங்கு. அதே அளவில. லேத் இருக்கிற இடத்தில நைலோன் தடி ஒண்டைக் கடைஞ்சு, ஸ்பிரிங் அதில கையால தள்ளினால் மட்டும் ஏறுற இறுக்கத்துக்கு வழிகாட்டி செய்விச்சுப் போடு. பிஸ்டனுக்கு உள்ளுக்க ஸ்பிரிங்கைச் சுத்தி இடைவெளி இருந்தால் சோடாப் போத்தல் பிளாஸ்ரிக்கை நீள்சதுரமாய் வெட்டி, சுருட்டி உள்ளுக்க விடு. காசில்லாத மருந்து, நான் செய்ததுக்குள்ள கூடின சத்தம் குறைச்சது அதுதான். 

பிஸ்டனைத் திருப்பிப் போடேக்க சிலிண்டரில இருக்கிற நீள வெட்டின்ர விளிம்பைத் தடவிப் பார், கத்தி மாதிரி இருக்கும். அது பிஸ்டனின்ர தலையில இருக்கிற சீலைச் சீவிப் போடும். 400 நம்பர் எமரித் தாளால விளிம்பை மழுக்கிப்போட்டு, தூளெல்லாம் துடைச்ச பிறகு போடு. மொலிப்டினம் கிறீஸ், அந்தக் கறுப்புச் சாமான், பிஸ்டனின்ர பின்பக்க விளிம்பிலயும் ஸ்பிரிங்கிலயும் நகத்தளவு எடுத்து மெல்லிசாய்ப் பூசு. சீலுக்கு முன்னுக்கு ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லை எண்டால் ஒண்டும் இல்லை.

---

கச்சான்காவல் எழுதினது:

போட்டாச்சு. பத்து அடி: சராசரி 7.0. ஆகக் குறைஞ்சது 6.8, ஆகக் கூடினது 7.1. மாஸ்ரரின்ர கணக்கில 199 மீற்றர். இருவது மீற்றரில அஞ்சு சன்னமும் ஒரு தேசிக்காய்க்குள்ள. ‘ங்ஙொய்ங்’ இல்லை, ‘டப்’ எண்டு கதவு சாத்தின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் வெளியில அடிக்கிறது அம்மாவுக்குக் குசினியில கேக்கிறதே இல்லை.

புதுப் பிரச்சினை ஒண்டு வந்திருக்கு. மிஞ்சிக் கிடக்கிற மூலைத் துண்டுக்கு நேற்று குரங்குக் கூட்டம் வந்தது. வழமை போல பக்கத்துப் பாலைமரத்தின்ர அடியைப் பாத்து அடிச்சன், சொன்ன இடத்தில பட்டது. ஒண்டும் திரும்பியும் பாக்கேல்லை. இவ்வளவு காலமும் அவை ஓடினது அந்தச் சத்தத்துக்காம்.

---

விசுவமடு பம்ப்காரன் எழுதினது:

ஓட்டை போட்ட பால்மா ரின் எல்லாம் எறிஞ்சிட்டியோ? எறியாத. நாலைக் கயித்தில கோத்து வேலியில கட்டி, கயித்தின்ர மற்ற முனையை உன்ர பரணில கட்டு. இழுத்தால் காணும். முதல் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு இழு.